காம்பில்லாமல் வந்த கோடரி

வட அமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த பூர்வகுடிகளைப் பற்றிய கதைகளிலும் சினிமாப் படங்களிலும் டோமஹாக் என்னும் கைக்கோடரி பகைவனின் மண்டையைப் பிளப்பதற்கென்றே பிறந்த ஆயுதமாகச் சித்திரிக்கப்பட்டு வந்திருப்பதால், அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்த மனிதர் அதைக் கொண்டு அன்றாடம் செய்துவந்த வேலைகள் நம் கண்ணுக்குத் தென்படாமலே போய்விட்டன. விறகு பிளப்பதும், குடிசைக்குக் கழி வெட்டுவதும், வசந்தகாலத் தொடக்கத்தில் மேப்பிள் மரத்தின் பட்டையில் சாய்வாகக் கொத்தி இனிப்பு நீரை வடிப்பதும், பனிக்காலத்தில் உறைந்த ஓடையின் மேற்பரப்பை உடைத்துப் பீவர் என்னும் பிராணியின் வளையை எட்டுவதும் ஆகிய காரியங்களுக்கே அது பெரும்பாலும் உயர்ந்து தாழ்ந்தது. யுத்தம் என்றைக்கோ வருவது. அடுப்போ நாள்தோறும் எரிய வேண்டியது. ஆயினும் அடுப்பைப் பற்றி யாரும் படம் எடுப்பதில்லை.

இக்கருவியின் சரித்திரத்தில் என் மனத்தைக் கவர்வது அதன் அலகைக் காட்டிலும் காம்பும், காம்பு நுழைகின்ற துளையுமே. இரும்பு எங்கோ கடல் கடந்த பட்டறையிலிருந்து வந்தது. காம்போ அதை வாங்கியவன் தன் காட்டில் தானே வெட்டிச் செதுக்கிப் போட்டுக்கொண்டது. விற்றவன் பாதி வேலையோடு விட்டுவிட, வாங்கியவன் மீதியைச் செய்து முடித்த சாதனம் என்றே டோமஹாக்கைச் சொல்ல வேண்டும். இந்நாளில் விடுமுறைக்குக் காட்டில் தங்கப் போகும் அமெரிக்கர்களும் கனடியர்களும் கடையில் வாங்கிய டோமஹாக்கை வீட்டுக்குக் கொண்டுவந்து அராவியும் தேய்த்தும் எண்ணெயிட்டும் தமக்கேற்றவாறு மாற்றிக்கொள்வதை நூதனமான பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உண்டு. அந்தக் கருவியைப் பொறுத்தமட்டில் அதைவிடப் புராதனமான வழக்கம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம்.

1607-ஆம் ஆண்டில் ஜேம்ஸ்டவுனில் குடியேறிய ஆங்கிலேயர் வர்ஜீனியாக் கரையோரத்தில் வாழ்ந்த பவ்ஹாத்தன் மக்களிடம் இப்பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட காலத்தில், அது இரும்பைக் குறிக்கவில்லை. கொத்தியும் தேய்த்தும் வடிவாக்கிய கல்லை மரக்காம்பில் பிணைத்த கோடரிகளும், முனையில் உருண்டை விட்டுச் செதுக்கிய கட்டை ஆயுதங்களுமே அங்கிருந்தவை. சுப்பீரியர் ஏரியின் கரைகளில் உலோகமாகவே கிடைத்த செம்பை, உருக்காமல் தட்டித் தட்டியே கருவிகளாக்கிய மக்கள் அதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்தார்கள்; ஆனால் இரும்பை உருக்கும் கலை அக்காடுகளில் இருந்ததில்லை. பெரிய மரத்தைச் சாய்க்க வேண்டுமானால் அடியில் தீயிட்டு, கருகிய பகுதியைக் கல்லால் சுரண்டி, மறுபடியும் தீயிட்டு, இவ்வாறு பொறுமையோடு செய்துகொண்டே போக வேண்டும். தோணி குடைவதும் அவ்வாறேதான். இத்தகைய உழைப்பில் பழகிய கைகளில் இரும்புக் கோடரி முதன்முதலாக வந்து சேர்ந்தபோது உண்டாகியிருக்கக்கூடிய மாறுதலை விவரிக்க அலங்காரம் எதுவும் தேவையில்லை.

அந்த இரும்பைக் கொண்டுவந்தது ஐரோப்பாவின் தொப்பி மோகம். பீவரின் அடிமயிர் உயர்ந்த ரக ஃபெல்ட் தொப்பிகளுக்கு உகந்தது என்ற ஒரே காரணத்தால், பதினாறாம் நூற்றாண்டில் லாப்ரடோர்க் கரைக்குத் திமிங்கில வேட்டைக்கு வந்துபோன பாஸ்க் மாலுமிகளும், அவர்களுக்குப் பின் ஆறுகளின் வழியே உள்நாட்டுக்குள் புகுந்த பிரெஞ்சு வியாபாரிகளும், 1670-இல் அரச சாசனம் பெற்ற ஹட்ஸன் விரிகுடாக் கம்பெனியின் ஆங்கிலேயரும், கத்தி, கெண்டி, கம்பளி, துப்பாக்கி ஆகியவற்றோடு கோடரித் தலைகளையும் ஏற்றிவந்து தோலுக்கு மாற்றினார்கள். மரப்பட்டைத் தோணியில் ஏற்றி, அருவி குறுக்கிட்ட இடங்களில் மூட்டையை முதுகில் சுமந்து கடந்து போகும் வியாபாரத்தில் ஒவ்வொரு ராத்தலும் கணக்கானது. காடு நிறைந்த தேசத்துக்கு மரக்காம்பைக் கப்பலேற்றி அனுப்புவதில் அர்த்தமும் இல்லை. ஆகவே பெரும்பாலும் தலை மட்டுமே வந்தது.

அத்தலையைச் செய்த முறை எளியது. நீண்ட இரும்புப் பட்டையொன்றை உலையில் பழுக்கக் காய்ச்சி, நடுவில் ஓர் உருளைக் கம்பியை வைத்து அதைச் சுற்றி மடித்து, இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று படியும்போது அவற்றின் இடையே மெல்லிய எஃகுத் துண்டைச் செருகி, வெண்சூட்டில் சம்மட்டியால் அடித்து ஒன்றாக்கிவிடுவார்கள். உருளை இருந்த இடம் காம்புத் துளையாகும். எஃகு இருந்த இடம் வாயாகும். எஃகு விலையுயர்ந்த பொருளாக இருந்த அந்நாளில், வெட்டும் விளிம்புக்கு மட்டும் அதை வைத்து, மற்ற உடம்பை மலிவான இரும்பால் செய்வது சிக்கனம் மட்டுமன்று, நல்ல யுக்தியும்கூட. மிருதுவான இரும்பு அதிர்ச்சியைத் தாங்க, கடினமான எஃகு கூர்மையைக் காக்கும். தேய்ந்து எஃகு தீர்ந்துபோனால் கொல்லனிடம் கொடுத்துப் புதிதாக எஃகு வைத்துக்கொள்ளலாம்.

துளையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மரம் வீழ்த்தும் பெரிய அமெரிக்கக் கோடரியின் காம்பு கீழிருந்து துளைக்குள் நுழைந்து, மேலே பிளந்துகொண்டு, ஆப்பு அடித்து இறுக்கப்படுவது. ஒருமுறை பூட்டிவிட்டால் அதைக் கழற்றுவது பிரயாசை. டோமஹாக்கின் துளையோ மேலே சற்று அகன்று கீழே சற்றுக் குறுகியிருக்கும். நம் ஊர்ச் சாலை வேலைக்காரர்கள் குந்தாலிக்குப் பிடி போடுவதுபோல, காம்பின் மெல்லிய முனையை மேலிருந்து உள்ளே விட்டு முழுவதும் இழுத்துவிட்டால், தடித்த மேல்முனை துளையில் வந்து சிக்கிக்கொள்ளும். வீசும்போது தலை வெளிப்புறமாகப் பறக்கத்தான் முயலும். அந்த முயற்சியே அதைத் தடித்த முனையில் மேலும் மேலும் இறுக்குகிறது. ஆப்பும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். காம்பு ஒடிந்தால், ஊருக்கு எத்தனை நாள் பிரயாணம் என்று கவலைப்படாமல், ஒரு கத்தியும் ஒரு மரக்கிளையும் கொண்டு அந்த இடத்திலேயே வேறு போட்டுக்கொள்ளலாம். தலையை மட்டும் கழற்றி உள்ளங்கையில் பிடித்தால் தோல் சுரண்டவும் மரம் சீவவும் உதவும். தனிவழி செல்பவனுக்கு இதைவிடச் சௌகரியமான ஏற்பாட்டைக் கற்பனை செய்வது கடினம்.

காம்பைப் போட்டவர்கள் அதை வெறும் கழியாக விட்டுவிடவுமில்லை. ஆஷ், ஹிக்கரி, மேப்பிள் முதலிய மரங்களில் நார் நேராக ஓடும் துண்டைத் தேர்ந்து, தம் கையளவுக்குச் சீவி, பித்தளைத் தலை கொண்ட சிற்றாணிகளை வரிசையாக அறைந்து, பிடிக்கும் இடத்தில் ஈரத்தோலைச் சுற்றி உலரவிட்டு, நுனியில் மணி கோத்த தோற்பட்டையைத் தொங்கவிட்டார்கள். சிற்றாணியும் மணியும் வியாபாரிகள் கொண்டுவந்த சரக்குத்தான். அவற்றை அமைத்த ரசனை அவரவர் குலத்தினுடையது. ஒரே பட்டறையில் ஒரே அச்சாகப் பிறந்த இரண்டு தலைகள், இருவேறு கைகளில் சேர்ந்த பின் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ள முடியாத அளவுக்கு மாறிவிடும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யாரோ ஒரு கொல்லனுக்கு, அலகுக்கு எதிர்ப்புறத்தில் புகையிலைக் கிண்ணம் ஒன்றைப் பொருத்தி, காம்பின் நடுவே நெடுகத் துளையிட்டால் கோடரியே புகைக்குழாயும் ஆகுமே என்ற எண்ணம் உதித்தது. ஆஷ் மரத்தின் இளங்கழியில் நடுத்தண்டு மிருதுவாக இருக்குமாதலால், காய்ச்சிய கம்பியைச் செலுத்தி அதை எரித்து வழி உண்டாக்குவது சாத்தியமாயிற்று. சமாதானத்துக்குப் புகையும் சண்டைக்கு வாயும் ஒரே பொருளில் அமைந்துவிட்ட இந்த விநோதத்தை இரு தரப்பாரும் விரும்பினார்கள். ராஜதந்திரப் பேச்சுக்களில் வெள்ளியிழை பதித்த இத்தகைய கோடரிகள் தலைவர்களுக்குச் சன்மானமாக வழங்கப்பட்டன.

அவற்றுள் ஒன்றின் வரலாறு சுவையானது. செனெக்கா இனத்தின் தலைவரான கார்ன்பிளாண்டருக்கு 1792-இல் ஜனாதிபதி வாஷிங்டன் ஒரு புகைக்குழாய் டோமஹாக்கை வழங்கினார். அலகின் ஒரு பக்கத்தில் தலைவரின் செனெக்காப் பெயரும், மறுபக்கத்தில் ஜான் ஆண்ட்ரஸ் என்ற பெயரும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. இரண்டாண்டு கழித்துக் கனண்டேகுவாவில் ஏற்பட்ட உடன்படிக்கையில், செனெக்கா உள்ளிட்ட ஆறு இனங்களின் கூட்டுறவுக்கு ஆண்டுதோறும் 4,500 டாலர் பெறுமான பொருள்கள் தருவதாகவும், அத்தொகையிலிருந்தே அவர்களிடையே வசிக்கும் உபயோகமான தொழிலாளர்களுக்கு ஊதியம் கொடுப்பதாகவும் அமெரிக்க அரசாங்கம் ஒப்புக்கொண்டது. இதற்கு முன்னரே, ஆங்கிலேயர் ஆட்சியில் பூர்வகுடி விவகார மேலதிகாரியாக இருந்த சர் வில்லியம் ஜான்ஸன் அவ்வினங்களின் கிராமங்களுக்குக் கொல்லர்களை அனுப்பி வைத்ததுண்டு. கோடரி வாய் மழுங்கினாலும் துப்பாக்கிப் பொறி கெட்டாலும் கொல்லன் இல்லாமல் நடவாது என்ற நிலைமை, நட்பைப் பேணும் கயிறாகவும் கழுத்தில் விழுந்த கயிறாகவும் ஒருங்கே இருந்தது. வாஷிங்டனின் பரிசை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்ப்பதே நியாயம்.

கார்ன்பிளாண்டர் மறைந்த பின், அதே செனெக்கா இனத்தவரான ஈலி பார்க்கர் என்னும் இளைஞர் 1850-ஐ ஒட்டி ஒரு விதவையிடமிருந்து அதை விலைக்கு வாங்கினார். பிற்காலத்தில் அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் ஜெனரல் கிராண்டின் காரியதரிசியாக 1865-இல் அப்போமாட்டக்ஸில் சரணாகதி நிபந்தனைகளைத் தம் கையால் எழுதியவரும், பூர்வகுடிகளின் விவகாரத்துக்குத் தலைமை அதிகாரியாக முதன்முதலில் அமர்ந்த பூர்வகுடி மனிதரும் இவரே. பழைய காம்பை நீக்கிவிட்டு, கார்ன்பிளாண்டர் காலத்தில் எப்படி இருந்திருக்குமென்று தாம் கருதினாரோ அப்படியே நெளிவரி ஓடும் மேப்பிள் மரத்தில் வெள்ளியிழைத்துப் புதுக் காம்பு போட்டு, தம் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டையும் அதில் பொருத்தினார் பார்க்கர். அரும்பொருளைத் தொடாமல் காப்பதே தர்மம் என்று இன்றைய காட்சிசாலைக்காரர் முகம் சுளிக்கக்கூடும். எனக்கோ அது டோமஹாக்கின் மரபுக்கு முற்றும் இசைந்த செய்கையாகவே தோன்றுகிறது: ஒருவர் கொடுத்தார், ஒருவர் பெற்றார், மூன்றாமவர் காம்பு மாற்றித் தம் பெயரைச் சேர்த்துக்கொண்டார். பின்னர் நியூயார்க் மாநிலத்தின் சேகரிப்புக்குப் போன அப்பொருள் 1947-க்கும் 1950-க்கும் இடையே களவு போய், பல பேர் கை மாறி, 2018-இல் பெயர் வெளியிட விரும்பாத ஒருவரால் ஆல்பனி நகரத்துக் காட்சிசாலைக்கே திரும்பச் சேர்க்கப்பட்டது.

வெள்ளையர் இக்கருவியைத் தமதாக்கிக்கொண்டதை விரைவாகவே சொல்லிவிடலாம். பிரெஞ்சுக்காரரோடு நடந்த காட்டு யுத்தத்தில் துணைப்படை நடத்திய ராபர்ட் ராஜர்ஸ் 1757-இல் எழுதிய விதிகளில், ஒவ்வொரு வீரனும் மாலை அணிவகுப்பில் துப்பாக்கி, அறுபது சுற்று மருந்துக் குண்டு இவற்றோடு கைக்கோடரியும் வைத்திருக்க வேண்டுமென்று விதித்தார். 1775 ஜூலையில் கூடிய காங்கிரஸும் குடிப்படையினருக்கு வாள் அல்லது டோமஹாக் வேண்டுமென்று பரிந்துரைத்தது. அக்கோடரியைப் புதைத்துப் பகையைத் தீர்க்கும் பூர்வகுடிகளின் சடங்கையும் வெள்ளையர் மேற்கொண்டார்கள்: மோஹாக் தலைவர்களோடு இரண்டு கோடரிகளை மண்ணில் புதைத்து உடன்பாடு செய்ததை 1680-இல் பாஸ்டன் நகரத்து சாமுவேல் ஸீவல் குறித்திருக்கிறார், 1761-இல் ஹாலிபாக்ஸில் மிக்மாக் இனத்தாரோடும் அவ்வாறே நடந்தது. புதைத்த கோடரிகள் மண்ணில் எத்தனை காலம் இருந்தன என்று கேட்பது நாகரிகமன்று.

மிசௌரி நதிக்கரையில் 1804-05 பனிக்காலத்தை மாண்டன் மக்களின் ஊர்களுக்கு அருகே கழித்த அமெரிக்கப் பயணக் கூட்டத்தின் தலைவர்களான லூயிஸும் கிளார்க்கும் எதிர்கொண்ட நிலைமை மற்றொரு வகையில் வேடிக்கையானது. மேற்குக் கடலைக் காணப் புறப்பட்ட அக்கூட்டத்துக்கு உணவு குறைந்தது. மாண்டன் பெண்களின் களஞ்சியத்திலோ சோளம் நிறைந்திருந்தது. கூட்டத்தில் ஜான் ஷீல்ட்ஸ் என்ற கொல்லர் இருந்தார். உலையை மூட்டி, முதலில் பழுது பார்த்தும், பின்னர் அவ்வூரார் விரும்பிய மாதிரியில் போர்க்கோடரிகள் அடித்தும் கொடுக்க, சோளம் வந்து குவியத் தொடங்கிற்று. பிரயாணத்தில் எரிந்து தேய்ந்துபோன தகட்டு அடுப்பு ஒன்றைக்கூட அவர்கள் விடவில்லை. அதை நறுக்கி, நான்கு அங்குலச் சதுரத் துண்டு ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு காலன் சோளம் வாங்கினார்கள்.

லூயிஸுக்கு அந்தக் கோடரியின் வடிவம் சிறிதும் பிடிக்கவில்லை. அலகு ஏழு முதல் ஒன்பது அங்குலம் வரை நீளம். வாய் ஏறக்குறைய ஐந்தாறு அங்குல அகலம். கனமோ மிகக் குறைவு. காம்பு பதினான்கு அங்குலத்துக்கு மேல் போவது அபூர்வம். இவ்வளவு நீண்ட அலகைக் குட்டையான மெல்லிய காம்பில் மாட்டினால் வீச்சு குறி தவறும், அடியில் வலுவும் இராது என்று தம் நாட்குறிப்பில் எழுதினார். பௌதிக சாஸ்திரப்படி அவர் சொன்னது பிழையில்லை. ஆனால் மாண்டன் மக்கள் அவரிடம் யோசனை கேட்கவில்லை. தாங்கள் காட்டிய மாதிரியில் செய்துதரும்படியே கேட்டார்கள், அதற்கே சோளம் அளந்தார்கள். ஷீல்ட்ஸின் உலையிலிருந்து வெளிவந்த கோடரி ஒன்றை, 1806-இல் திரும்பிவரும் வழியில், ராக்கி மலைகளுக்கு அப்பால் வாழ்ந்த நெஸ் பெர்ஸே மக்களிடம் அக்கூட்டத்தார் கண்டார்கள். தாங்கள் படாத பாடுபட்டுக் கடந்த மலைகளை அந்தக் கோடரி வியாபாரத்தின் கைகளில் அமைதியாகக் கடந்து போயிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு வளர வளர, தோல் வியாபாரம் தளர்ந்தது. பின்புறம் கனத்த பெரிய அமெரிக்கக் கோடரி ஆலைகளில் பெருவாரியாக உற்பத்தியாயிற்று. பூர்வகுடிகள் ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டார்கள். டோமஹாக் விழாக்காலத்தில் கையிலேந்தும் ஆபரணமாகவும், சேகரிப்போர் சுவரில் மாட்டும் பொருளாகவும் சுருங்கிற்று. அதன் உபயோகத்தை மீண்டும் நினைவுபடுத்தியவர்கள் போர்வீரரல்லர், காட்டில் சும்மா இருக்கப் போன நகரவாசிகள். நெஸ்மக் என்ற புனைபெயரில் எழுதிய ஜார்ஜ் வாஷிங்டன் ஸியர்ஸ் உருவத்தில் சிறியவர். பத்தரை ராத்தல் எடையுள்ள தோணியில் அடிராண்டக் ஏரிகளை 1883-இல் சுற்றியவர். அப்படிப்பட்டவருக்குக் கடைக் கோடரி எதுவும் திருப்தியளிக்காததில் வியப்பில்லை. தாமே மாதிரி அமைத்து, ராச்செஸ்டர் நகரில் அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் ஒருவரிடம் கொடுத்து, இருபுறமும் வாயுள்ள சின்னஞ்சிறு கோடரியொன்றைச் செய்துகொண்டார்: மெல்லிய வாய் மரத்துக்கு, தடித்த வாய் எலும்புக்கும் கணுவுக்கும். 1884-இல் வெளியான அவருடைய காட்டுவாச நூலால் அது பிரசித்தியடைந்தது. அவருக்குப் பின் எழுதிய ஹோரஸ் கெப்பார்ட், தம் அருமைப் பொருள்களில் ஒன்றாக எட்டு அவுன்ஸ் தலையுடைய சிறு டோமஹாக்கைக் குறிப்பிட்டார். வியட்னாம் யுத்த காலத்தில் பீட்டர் லகானா என்னும் முன்னாள் வீரர் படைவீரர்களுக்காக டோமஹாக் செய்து விற்றதும் உண்டு. எனினும் இன்றைய காட்டுவாசப் பிரியரின் இடுப்பிலிருப்பது நெஸ்மக்கின் வழிவந்ததே.

இந்நாளில் ஆலைகளில் அச்சில் வைத்து அடித்துச் செய்யப்படும் டோமஹாக்குகள் விலை குறைந்தவை, துளை அதே பழைய துளை, காம்பு ஹிக்கரி. தலை நழுவாதிருக்கப் பக்கத்தில் சிறு திருகாணி ஒன்றும் வைத்திருப்பார்கள். விஷயம் தெரிந்தவர்கள் முதலில் கழற்றி எறிவது அதைத்தான். ஏனெனில் அது காம்பைக் குடைந்து, முறிவுக்கு விதை போடுகிறது. பிறகு கறுப்புச் சாயத்தைக் காடியில் ஊறவைத்து நீக்கி, துளைக்குள் அச்சு விட்டுச் சென்ற பிசிறுகளை அரத்தால் அராவி, உட்சுவரில் கரியைத் தடவிக் காம்பை ஏற்றி இறக்குவார்கள்; கரி பட்ட இடமே மேடு என்று அறிந்து அங்கே மட்டும் சீவ, நாலைந்து முறையில் இரும்பும் மரமும் சுற்றிலும் படிந்துவிடும். காம்பின் பளபளப்புப் பூச்சு கையைக் கொப்பளிக்கச் செய்வதால் அதைச் சுரண்டி, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் தேய்ப்பது வழக்கம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டால் அது தானே சூடேறித் தீப்பற்றக்கூடும். விரித்து உலர்த்த வேண்டும். ஆலை வைத்த தடித்த வாயை அரத்தாலும் சாணைக் கல்லாலும் மெல்லிதாக்கி, பக்கங்கள் இலேசாகப் புடைத்திருக்கும்படி விட்டால், மரத்தில் சிக்காமல் வெட்டும். தோலுறை ஒன்று தைத்துக்கொள்வதும் அவசியமே. வண்ணக் கயிறுகளைக் காம்பு நெடுகச் சுற்றுவது மட்டும் எனக்குச் சம்மதமில்லை: தலையைக் கழற்ற முடியாமல் செய்துவிடும் அலங்காரம் இக்கருவியின் உயிரையே மாய்க்கிறது.

பிரயோகத்தில் நினைவில் வைக்க வேண்டியது, இது இலேசான கருவி என்பதே. தடித்த மரத்தை வீழ்த்த ரம்பமே தகுதி. மணிக்கட்டுத் தடிமனுள்ள கிளையைச் சாய்வாகக் கொத்தித் துண்டிக்கவும், வாயைச் சுள்ளியின்மேல் பொருத்தி இரண்டையும் சேர்த்தே கட்டையில் தட்டிப் பிளக்கவும், கூடார முளை சீவவும் இது போதும். குட்டைக் காம்பானதால் நின்றுகொண்டு வீசினால் தவறும் வீச்சு முழங்காலில் வந்து முடியும். மண்டியிட்டு, முன்னால் கட்டையை வைத்துக்கொண்டு வெட்டுவதே முறை. காட்டில் காம்பு ஒடிந்துவிட்டால், பச்சை மரத்தில் புதிது போடுவோர் மேல்முனையை இரண்டு மூன்று விரற்கடை மிகையாகவே விட்டுவைக்க வேண்டும். பச்சை மரம் உலரும்போது சுருங்கித் தலை ஆடத் தொடங்கும். அப்போது கோடரியைத் தலைகீழாகப் பிடித்துக் காம்பின் மேல்முனையைக் கல்லில் இருமுறை தட்டினால், தலை தடித்த பகுதிக்கு ஏறி மறுபடியும் இறுகிக்கொள்ளும். ஏறுவதற்கு இடம் வேண்டுமல்லவா?